டயட் ரூட் பியரை ஒப்பிட்டு வாங்குவது எப்படி?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறோம். சர்க்கரையைக் குறைக்க, ரூட் பியர் என்ற சோடாவின் சர்க்கரை இல்லாத டயட் வகைக்கு மாறினோம். ஒரே பிராண்டு ஒருமுறை நன்றாக இருக்கிறது, மறுமுறை சப்பென்று இருக்கிறது. நாலைந்து வகை வாங்கி ருசி பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஆசை. எப்படிச் செய்வது?

பதில்: முதலில் கேனின் அடியில் உள்ள தேதியைப் பாருங்கள். பல டயட் பானங்களுக்கு இனிப்பூட்டுவது அஸ்பார்டேம். நாளாக ஆக அது சிதைந்து இனிப்பை இழக்கும். வெயிலில் நின்ற காரில் கிடந்தால் இன்னும் வேகமாக. உங்கள் 'சப்'புக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். தேதி தள்ளி இருக்கும் 355 மி.லி. கேன்களையே வாங்குங்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் கேஸ் மெல்லக் கசியும் என்பதால் கேனையும் பாட்டிலையும் ஒப்பிடக் கூடாது.

எல்லாவற்றையும் முந்தின இரவே ஃபிரிட்ஜில் வையுங்கள். பிராண்டு தெரியாதபடி ஒருவர் எண்ணிட்ட கண்ணாடி டம்ளர்களில் 100 மி.லி. வீதம் ஊற்றட்டும். பேப்பர் கப் வேண்டாம், அதன் வாடை பானத்தில் ஏறும். ஒரு அமர்வில் நான்குக்கு மேல் போனால் நாக்கு மரத்துவிடும். இடையிடையே வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். சர்க்கரை போட்ட ரூட் பியரைக் கூடவே வைக்காதீர்கள். ஒரு கேனில் 40 கிராமுக்கு மேல் சர்க்கரை இருப்பதால் அது வாயில் கெட்டியாக நிற்கும். அதன் பக்கத்தில் நல்ல டயட் பானமும் தண்ணீராகத் தோன்றும்.

குடிக்கும் முன் முகருங்கள். வனிலாவோடு விண்டர்கிரீன் வாசனையும் வரும். மூட்டுவலித் தைலத்தில் இருக்கும் அதே மெத்தில் சாலிசிலேட்தான் இது. நம்மவர்கள் பலர் முதல் மடக்கிலேயே முகம் சுளிப்பது இதனால்தான். வனிலாவை அமுக்கிவிட்டு அது மட்டும் மேலேறினால் மதிப்பெண்ணைக் குறையுங்கள்.

விழுங்கியபின் அரை நிமிடம் காத்திருங்கள். டயட் பானத்தின் தரம் அங்கேதான் தெரியும். அஸ்பார்டேம் இனிப்பு மெதுவாக எழுந்து நாக்கிலேயே தங்கும். அசெசல்ஃபேம் பொட்டாசியம் என்ற இன்னொரு செயற்கை இனிப்பு சட்டென்று இனித்து, அதிகமானால் கசக்கும். இரண்டும் கலந்தால் ஒன்றின் குறையை மற்றது மறைக்கும். ஸ்டீவியா என்ற இலையிலிருந்து எடுக்கும் இனிப்பு அதிமதுரம் போல இழுக்கும். மிச்சத்தைப் பதினைந்து நிமிடம் வெளியே வைத்து மறுபடி குடியுங்கள். குளிர்ச்சி இனிப்பின் குறைகளை மறைக்கும். குளிர் போனபின்னும் கசக்காததை வாங்குங்கள்.

கேள்வி: பியர் என்கிறார்களே, குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

பதில்: கடைகளில் கிடைக்கும் வழக்கமான ரூட் பியரில் மது கிடையாது. காஃபீனும் பெரும்பாலானவற்றில் இல்லை. பார்க்ஸ் (Barq's) என்ற பிராண்டின் சாதாரண, அதாவது டயட் அல்லாத, வகையில் உண்டு. பெனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அஸ்பார்டேம் கலந்ததைத் தரவே கூடாது. அந்த எச்சரிக்கை லேபிளிலேயே இருக்கும்.