கை நீளும் முன்பே மூளை போடும் கணக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

காலியானது தெரியாமல் கேஸ் சிலிண்டரைத் தூக்கினால் கை விருட்டென்று மேலே போகிறது, உடம்பும் தடுமாறுகிறது. ஏன்?

எடையைத் தூக்கிப் பார்த்த பிறகு மூளை முடிவெடுப்பதில்லை. கண்ணில் பட்ட உருவத்தையும் போன தடவை தூக்கிய நினைவையும் வைத்து, விரல் இறுகும் முன்பே விசையைத் தீர்மானித்துவிடுகிறது. வீட்டு சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ, வெறும் உருளை சுமார் 15, 16 கிலோ. ஆக, 30 கிலோவுக்கு எடுத்த விசை அதில் பாதி எடையின் மேல் விழுகிறது. ‘நினைத்ததைவிடச் சீக்கிரம் கிளம்பிவிட்டது’ என்று தோலும் தசையும் சொல்லி, விசை குறைய ஏறத்தாழ 100 மில்லிசெகண்ட் ஆகும். அதற்குள் சிலிண்டர் எகிறிவிடும். கை வேலையைத் தொடங்குவதற்குச் சற்று முன்பே முதுகும் காலும் வரப்போகும் பாரத்துக்குத் தயாராகிவிடுவதால், பாரம் வராதபோது உடம்பு பின்னால் சாய்கிறது. தூக்கும் முன் சிலிண்டரை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்துப் பாருங்கள். கணக்கைத் திருத்த அந்த ஒரு அசைவு போதும்.

இந்த முன்கணிப்பை வீட்டிலேயே பார்க்கலாம். முழங்கையை மடக்கி, உள்ளங்கையில் ஒரு தடித்த புத்தகத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வேறொருவர் அதைச் சட்டென எடுத்தால் கை மேலே துள்ளும். உங்கள் மற்றொரு கையாலேயே எடுத்தால் துள்ளாது. எடுக்கப்போவது மூளைக்குத் தெரியும் என்பதால், தாங்கும் தசையை அது முன்கூட்டியே தளர்த்திவிடுகிறது.

ஒரு தம்ளரை எட்டி எடுக்க மூளை ஒவ்வொரு தசைக்கும் தனித்தனியாகத் திட்டமிடுகிறதா?

திட்டம் பெரும்பாலும் கையின் பாதையைப் பற்றியது என்றே சான்றுகள் காட்டுகின்றன. தோளில் மூன்று, முழங்கையில் ஒன்று, முன்கையைப் புரட்ட ஒன்று, மணிக்கட்டில் இரண்டு என்று கைக்கு ஏழு வகை அசைவுகள் உண்டு. அதனால் ஒரே தம்ளரை எண்ணற்ற விதங்களில் எட்டலாம். ஆனால் 1981இல் மொராஸ்ஸோ என்ற ஆய்வாளர் அளந்தபோது, மூட்டுகள் எப்படி எப்படியோ திரும்பினாலும் கை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போனது. வேகம் மெல்ல ஏறி, நடுவில் உச்சம் தொட்டு, மெல்ல இறங்கியது. 1980களில் ஜார்ஜபூலஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் குரங்குகளின் இயக்கப் புறணியை, அதாவது அசைவுக்குக் கட்டளையிடும் மூளைப் பகுதியை, ஆராய்ந்தார். அங்கே ஒவ்வொரு நரம்பணுவும் ஏதோ ஒரு திசைக்கு மிக அதிகமாகத் துடித்தது. எல்லாத் துடிப்புகளையும் திசையோடு சேர்த்துக் கூட்டினால் கை போகப்போகும் திசை கிடைத்தது.

விரல்களுக்கும் முன்கணக்கு உண்டு. பாதித் தூரம் தாண்டியதும் அவை தம்ளரின் அகலத்தைவிட அதிகமாக விரிந்து, தொடுவதற்குள் சுருங்கிவிடும்.

அவசரப்பட்டால் போனில் தப்பான எழுத்தையே தொடுகிறேன்.

1954இல் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் கண்ட விதி இது. விரல் போக வேண்டிய தூரம் இரட்டிப்பானால் எவ்வளவு நேரம் கூடுமோ, குறியின் அகலம் பாதியானாலும் அதே அளவு கூடும். அந்த நேரத்தைக் கொடுக்காவிட்டால் குறி தவறும். விசைப்பலகையைப் பெரிதாக்குங்கள், பயிற்சியைவிட அது விரைவில் பலன் தரும்.

அப்பாவுக்குக் கை நடுங்குகிறது. பார்க்கின்சன்தானா?

நடுக்கம் எப்போது வருகிறது என்பதைக் கவனியுங்கள். முதலில் கைகளை மடியில் தளர்வாக வைக்கச் சொல்லி, 100இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லுங்கள். சும்மா கிடக்கும் கை வினாடிக்கு 4 முதல் 6 தடவை ஆடினால் பார்க்கின்சன் சந்தேகம் வலுக்கும். அடுத்து, கைகளை முன்னால் நீட்டட்டும், தம்ளரிலிருந்து தம்ளருக்குத் தண்ணீர் ஊற்றட்டும். அப்போது மட்டும் நடுங்கினால் அது பரம்பரையாகவும் வரும் வேறு வகை நடுக்கமாக இருக்கலாம். தைராய்டு மிகைப்பும், ஆஸ்துமாவுக்கான சால்புட்டமாலும்கூட இப்படி நடுங்கவைக்கும். கடைசியாகத் தன் மூக்கையும் உங்கள் விரலையும் மாறி மாறித் தொடட்டும். குறியை நெருங்க நெருங்க ஆட்டம் பெருகினால் சிறுமூளையைச் சந்தேகிக்க வேண்டும். கை இப்போது எங்கே இருக்கும் என்று கணித்துச் சொல்வது சிறுமூளையின் வேலை. அது கெட்டால் தாமதமாக வரும் செய்தியை நம்பித் திருத்த வேண்டிவரும். திருத்தம் கூடிப்போகும், அதைத் திருத்தப் போனால் அதுவும் கூடிப்போகும். எந்த வகையானாலும் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். நடுக்கம் திடீரென்று தொடங்கினால் அன்றே போங்கள்.

பக்கவாதம் வந்தவருக்கு நல்ல கையைக் கட்டிவைத்தால் மற்றக் கை தேறுமா?

சிலருக்குத் தேறும். முயன்று முயன்று தோற்ற கையை மூளை கைவிடக் கற்றுக்கொள்கிறது. அந்தப் பழக்கத்தை முறிப்பதற்காக எட்வர்ட் டாப் என்ற உளவியலாளர் உருவாக்கிய முறை இது. 2006இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் நல்ல கைக்கு உறை மாட்டினார்கள். வார நாட்களில் 6 மணி நேரம் வரை பயிற்சியும் கொடுத்தார்கள். பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்களே அதில் இருந்தார்கள்.

உறை மட்டும் போதாது, பயிற்சிதான் மருந்து. மணிக்கட்டையும் விரல்களையும் குறைந்தது 10 பாகையாவது தானாக நிமிர்த்த முடிந்தவர்களுக்கே இது பொருந்தும். சுத்தமாக அசையாத கைக்கு இதனால் பலனில்லை, மனச்சோர்வுதான் மிஞ்சும். அவசரமும் ஆகாது: முதல் வாரங்களிலேயே மிகக் கடுமையாகத் தொடங்கியவர்களுக்கு 90ஆம் நாளில் முன்னேற்றம் குறைவாக இருந்ததை 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நடக்கும்போதும், சூடான பாத்திரத்தைத் தூக்கும்போதும், குளியலறையிலும் உறையைக் கழற்றிவிடுங்கள். தொடங்கும் நாளை இயன்முறை மருத்துவர் குறிக்கட்டும்.