அம்மா அப்பாவோடு முதல் கப்பல் பயணம்: புக் செய்யும்முன் அட்டவணையைப் படியுங்கள்

அம்மா அப்பாவின் 40ஆவது திருமண நாளுக்கு ஒரு வாரக் கப்பல் பயணம் கூட்டிப்போக ஆசை, மத்தியதரைக் கடல் பக்கம் போகலாமா என்று யோசனை, வீட்டில் யாருக்கும் முன் அனுபவம் இல்லை, எதைப் பார்த்து புக் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இதுவரை 5 முறை கப்பலில் போயிருக்கிறேன், அதில் 2 முறை என் பெற்றோரோடு. முதல் தடவை அவர்களைக் கூட்டிப்போனபோது செய்த தப்புகள் இன்னும் மனதில் இருக்கின்றன. உங்களுக்கு அது நடக்கக்கூடாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

புக் செய்ய உட்கார்ந்தால் எல்லோரும் முதலில் பார்ப்பது கப்பலின் படங்களைத்தான். நீச்சல் குளம், சறுக்கு, நாடக அரங்கு, பத்துப் பன்னிரண்டு உணவகங்கள். அதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் பயண அட்டவணையைத் திறங்கள். துறைமுகத்தின் பெயர், கப்பல் வந்து சேரும் நேரம், கிளம்பும் நேரம் என்று 3 கட்டங்கள் இருக்கும். உங்கள் அம்மா அப்பாவின் அந்த ஒரு வாரம் எப்படி இருக்கப்போகிறது என்பது பெரும்பாலும் அந்தக் கட்டங்களிலேயே எழுதியிருக்கும்.

எங்கள் முதல் பயணத்தில் "ரோம், காலை 7 முதல் மாலை 7 வரை" என்று போட்டிருந்தது. 12 மணி நேரம் கிடைக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். கப்பல் நிற்பது ரோமில் இல்லை, சிவிட்டாவெக்கியா என்ற துறைமுகத்தில். அங்கிருந்து ரோம் 70 கிலோமீட்டருக்கு மேல். 7 மணிக்குக் கப்பல் வந்தாலும் உடனே இறங்க முடியாது, அனுமதி முடிந்துதான் இறக்குவார்கள். மாலையில் கிளம்பும் நேரத்துக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும். போக வர ரயிலையும், ரயிலுக்குக் காத்திருப்பதையும் கழித்தால் ஊருக்குள் மிஞ்சுவது 6 மணி நேரம். முட்டி வலியோடு நடக்கும் அம்மாவுக்கு அது 4 மணி நேரம் மாதிரி. வத்திக்கானில் வரிசையில் நின்றதிலேயே பாதி நாள் போய்விட்டது. பல வருடங்களாகப் பார்க்க ஆசைப்பட்ட கொலோசியத்தை அவர் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

இது ரோமுக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. ஃபுளோரன்ஸ் என்றால் பெரும்பாலும் லிவோர்னோவில் நிற்கும், அங்கிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பாரிஸ் என்றால் லே ஹாவ்ர், கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் தள்ளி. பெர்லின் என்று போட்டால் வார்னெமுண்டே, பாங்காக் என்று போட்டால் பெரிய கப்பல்களுக்கு லேம் சபாங். வெனிஸ் நகரத்தின் நடுவே போகும் ஜுதெக்கா கால்வாயில் 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பல்களை விடுவதில்லை. அதனால் ரவென்னா, ட்ரியெஸ்டே போன்ற வேறு துறைமுகங்களிலிருந்து கிளம்பும் பயணங்களும் வெனிஸ் பெயரோடு விற்கப்படுகின்றன. ஆகவே ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் துறைமுகப் பெயரை வரைபடத்தில் போட்டு தூரத்தைப் பாருங்கள். இதற்கு 10 நிமிடம்தான் ஆகும்.

பெற்றோரோடு போகும்போது, கப்பல் ஊரை ஒட்டியே நிற்கும் துறைமுகங்கள் அதிகமாக இருக்கும் பயணத்தைத் தேர்ந்தெடுங்கள். மால்டாவின் வல்லெட்டா அப்படிப்பட்ட இடம். கோட்டைச் சுவர்களுக்கு நடுவே கப்பல் மெதுவாக உள்ளே நுழையும். இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் 58 மீட்டர் உயரத்துக்கு ஒரு லிஃப்ட், நேராக ஊரின் மேல் பகுதியில் கொண்டுபோய் விட்டுவிடும். இரண்டாவது பயணத்தில் அம்மா அங்கே காலையில் இறங்கி, ஊரைச் சுற்றி, மதியம் கப்பலுக்கு வந்து படுத்து எழுந்து, சாயங்காலம் மறுபடியும் இறங்கினார். வயதானவர்களுக்கு இந்தச் சுதந்திரம் எவ்வளவு பெரியது என்று அன்றுதான் புரிந்தது.

அட்டவணையில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சில துறைமுகங்களுக்குப் பக்கத்தில் 'டெண்டர்' என்று ஒரு குறிப்பு இருக்கும். அங்கே கப்பல் கரையை ஒட்டாது; கரையிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கடலிலேயே நிற்கும், சின்னப் படகில் ஏறிக் கரைக்குப் போக வேண்டும். படகு ஆடும்போது அதில் கால் வைத்து ஏறுவது எல்லா வயதினருக்கும் சுலபமில்லை. சக்கர நாற்காலி தேவைப்பட்டால் அனுமதிக்காமலும் போகலாம். காற்று பலமாக இருந்தால் அந்த ஊரையே ரத்து செய்துவிடுவார்கள். சாண்டோரினி இப்படித்தான். படகு கொண்டுபோய் விடும் பழைய துறையிலிருந்து மேலே ஊருக்குப் போக கேபிள் காரில் வரிசை, இல்லையென்றால் 600க்கு நெருக்கமான படிகள். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போனால் பெரும்பாலும் வேறொரு துறையில் இறக்கி பஸ்ஸில் மேலே கூட்டிப்போவார்கள். அந்த ஊருக்கு மட்டுமாவது அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு ஊருக்காகவும் பயணத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வானிலை சரியில்லை என்றால் எந்தத் துறைமுகத்தையும் விட்டுவிடும் உரிமை கேப்டனுக்கு உண்டு, ஒப்பந்தத்திலேயே அது இருக்கிறது. அப்படி விட்டால் பொதுவாக அந்தத் துறைமுகக் கட்டணம் மட்டும்தான் திரும்பக் கிடைக்கும்.

அடுத்து கேபின். கப்பலின் ஆட்டம் குறைவாகத் தெரிவது நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில். முன்முனையிலும் உயரமான தளங்களிலும் ஆட்டம் அதிகம். எண்ணைத் தேர்ந்தெடுக்கும்முன் தளங்களின் வரைபடத்தை எடுத்து, உங்கள் அறைக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலேயும் கீழேயும் கேபின்களே இருந்தால் நிம்மதி. எங்கள் முதல் அறை நீச்சல் குளத் தளத்துக்குக் கீழே இருந்தது. விடியற்காலை 5 மணிக்கே நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தத்தில் அப்பா எழுந்துவிடுவார். அரங்குக்கு மேலே இருக்கும் அறைகளுக்கு இதே தொல்லை இரவில் வரும். லிஃப்டுக்கு ரொம்பப் பக்கமும் வேண்டாம், ரொம்ப தூரமும் வேண்டாம். பெரிய கப்பல்களில் நடைபாதை முடிவே இல்லாமல் போகும்.

'கேரன்டி' என்ற பெயரில் மலிவாக ஒரு வகை இருக்கும். வகையை மட்டும் நீங்கள் தேர்ந்தெடுப்பீர்கள், அறை எண்ணை அவர்கள் பிறகு தருவார்கள். தனியாகப் போனால் நானே அதை எடுப்பேன். பெற்றோரின் அறை உங்கள் அறைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றால் அது சரிப்படாது. பால்கனி தேவையா என்று கேட்டால், அவர்களுக்கு எடுங்கள், உங்களுக்கு வேண்டாம் என்பேன். அவர்கள் அறையில்தான் அதிக நேரம் இருப்பார்கள். ஜன்னல் இல்லாத உள் அறை தூங்குவதற்கு அருமையாக இருக்கும், ஆனால் விளக்கை அணைத்தால் காலையா இரவா என்றே தெரியாது. சிலருக்கு அது மனதை அழுத்தும். குளியலறை வாசலில் உயரமான படி இருக்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பணம் விஷயத்தில் ஒரே வழிதான். முதலில் காட்டும் விலையை நம்பாமல், கடைசிப் பக்கம் வரை போய் மொத்தத்தை எழுதுங்கள். முதலில் காட்டுவது பெரும்பாலும் ஓர் அறைக்கு இருவர் என்ற கணக்கில் ஒருவருக்கான கட்டணம். அதன்மேல் துறைமுக வரிகள், பல நிறுவனங்களில் ஒவ்வோர் இரவுக்கும் தலைக்கு இவ்வளவு என்று சேரும் டிப்ஸ், வைஃபை, கரைச் சுற்றுலாக்கள், தனிக் கட்டண உணவகங்கள் எல்லாம் வரும். மொத்தத்தை இரவுகளால் வகுத்தால்தான் 2 கப்பல்களை நியாயமாக ஒப்பிட முடியும். மது உள்பட பானங்களுக்கு மொத்தமாக முன்பே பணம் கட்டும் பானப் பேக்கேஜை ஒருவர் வாங்கினால் அதே அறையில் இருக்கும் மற்ற பெரியவர்களும் வாங்க வேண்டும் என்ற விதி பல நிறுவனங்களில் உண்டு. உங்கள் பெற்றோர் மது அருந்தாதவர்கள் என்றால் அது வீண்.

ஜனவரி முதல் மார்ச் வரை சலுகைகள் அதிகமாக வரும். திரும்பப் பெறக்கூடிய டெபாசிட்டில் புக் செய்து, முழுப் பணம் கட்டும் தேதி வரை விலையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அந்தத் தேதி பொதுவாகக் கிளம்புவதற்கு 2 முதல் 4 மாதம் முன்பு வரும். அதற்குள் விலை இறங்கினால் கேட்டுப் பாருங்கள், பல நேரம் குறைத்துத் தருவார்கள். தேதியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க முடிந்தால், ஜூலை ஆகஸ்டைத் தவிர்த்து மே மாதமோ செப்டம்பர் கடைசியோ பாருங்கள். மத்தியதரைக் கடல் ஊர்களில் கோடை வெயில் வயதானவர்களுக்கு ரொம்பக் கஷ்டம். அதே கரீபியன் என்றால் ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம்.

விசாவில் கவனமாக இருங்கள். கிரேக்கத்தில் ஏறி, நடுவில் துருக்கியின் குஷாதாசிக்கோ இஸ்தான்புல்லுக்கோ போய், மறுபடி கிரேக்கம் வரும் பயணங்கள் நிறைய. ஷெங்கன், அதாவது ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் எல்லையை விட்டு வெளியே போய் மீண்டும் நுழைகிறீர்கள், ஆகவே ஷெங்கன் விசா தேவைப்படுபவர்களுக்குப் பலமுறை நுழைவு விசா வேண்டும். ஓர் ஊரில் இறங்கப்போவதில்லை என்றாலும் அந்த நாட்டு விசாவைக் கப்பல் நிறுவனம் கேட்கலாம். பாஸ்போர்ட் பயணம் முடிந்த பிறகும் 6 மாதம் செல்லுபடியாகும்படி இருக்கட்டும். காகிதம் சரியில்லை என்றால் ஏறும் இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள், பணமும் திரும்பாது.

கப்பல் கிளம்பும் ஊருக்கு ஒரு நாள் முன்னாடியே போய்விடுங்கள். எங்கள் இரண்டாவது பயணத்தில் விமானம் 5 மணி நேரம் தாமதம். முந்தைய நாளே கிளம்பியதால் ஓர் இரவுத் தூக்கம் குறைந்ததோடு போயிற்று. ஒரு விமானத்துக்காகக் கப்பல் காத்திருக்காது. வழியில் துறைமுகங்களிலும் அப்படித்தான். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலா பஸ் தாமதமானால் காத்திருப்பார்கள், அல்லது அடுத்த ஊரில் கொண்டுவந்து சேர்ப்பார்கள். நீங்களாகப் போய் நேரம் தவறினால் உங்கள் செலவில்தான் அடுத்த துறைமுகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கப்பல் நேரமும் ஊர் நேரமும் சில இடங்களில் வேறுபடும். போன் தானாக ஊர் நேரத்துக்கு மாறிவிடும். அதனால் சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றில் கப்பல் நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

கடல் நடுவே போனை விமானப் பயன்முறையில் போட்டுவிடச் சொல்லுங்கள். கப்பலின் செயற்கைக்கோள் செல்போன் இணைப்பில் தானாகச் சேர்ந்தால் பில் பயங்கரமாக வரும்.

உடல்நலத்துக்கு வருவோம். கப்பலில் டாக்டர் இருப்பார், ஆனால் அது தனிக் கட்டணம். அங்கே சமாளிக்க முடியாத நோய் என்றால் ஹெலிகாப்டரிலோ அடுத்த துறைமுகத்திலோ இறக்குவார்கள். அந்தச் செலவைத் தாங்கும் அளவுக்கு, அவசர மருத்துவ வெளியேற்றமும் சேர்ந்த காப்பீடு எடுங்கள். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தத்தை மறைக்காமல் சொல்லி எடுங்கள். கடல் மயக்க மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டால் பலன் குறைவு, முன்பே போட வேண்டும். அதில் சில, கண் அழுத்தமோ புராஸ்டேட் தொல்லையோ உள்ளவர்களுக்கு ஆகாது, டாக்டரைக் கேட்டுவிட்டே வாங்குங்கள். சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவ வையுங்கள். கப்பல்களில் பரவும் நோரோவைரஸ் என்ற வாந்தி, வயிற்றுப்போக்குக் கிருமி, வாசலில் வைத்திருக்கும் கை சுத்தம் செய்யும் ஜெல்லுக்கு அவ்வளவாக அடங்காது.

ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சி இருக்கும். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறியவர்களில் பல நூறு பேருக்கு அதுவரை பயிற்சியே நடந்திருக்கவில்லை. 2015 முதல், கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ அதை நடத்துவது சர்வதேச விதி. இப்போது பல கப்பல்களில் போனில் வீடியோ பார்த்துவிட்டு, அவசரத்தில் கூடும் இடத்துக்குப் போய்க் கப்பல் தரும் அட்டையைக் காட்டினால் போதும். நீங்கள் அதோடு நிற்காதீர்கள். அம்மா அப்பாவை அவர்கள் அறையிலிருந்து படிக்கட்டு வழியாகவே ஒரு முறை அங்கே கூட்டிப்போங்கள், ஏனென்றால் அவசரத்தில் லிஃப்டை நம்ப முடியாது. அவசர எச்சரிக்கை என்பது 7 குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி. இதை அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

முதல் நாள் பெட்டிகள் அறைக்கு வர சாயங்காலம் ஆகிவிடும். மாத்திரை, கண்ணாடி, மாற்றுத்துணி, பாஸ்போர்ட் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். கடைசி இரவும் இதே கவனம் வேண்டும். பெட்டிகளை இரவே அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், மறுநாள் கரையில்தான் திரும்பக் கிடைக்கும். எங்கள் முதல் பயணத்தில் அப்பாவின் காலை மாத்திரை அப்படிப் பெட்டியோடு போய், முனையத்தில் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் கைக்கு வந்தது. அந்தக் காலையில் இறங்குவதற்கும் வரிசை இருக்கும், குழு குழுவாகத்தான் விடுவார்கள். அதனால் திரும்பும் விமானத்தை மதியம் 1 மணிக்கு மேல் போடுங்கள். முடிந்தால் அங்கேயே ஓர் இரவு தங்கி, அடுத்த நாள் கிளம்புங்கள்.