மழைநீர்க் குழாய் பழசானால் சாலை ஏன் உள்வாங்குகிறது?

மழைநீர்க் குழாய் என்பது தெருவில் விழும் மழையை ஆற்றுக்கோ கடலுக்கோ கொண்டுபோகும் நிலத்தடிக் குழாய். பழைய கான்கிரீட் குழாயில் பெரும்பாலும் முதலில் கெடுவது இணைப்புதான். அங்கே ரப்பர் வளையமோ சிமெண்ட் பூச்சோ விட்டுப்போனால், சுற்றியுள்ள மண் ஒவ்வொரு மழைக்கும் உள்ளே கரைந்து ஓடும். அரிசி மூட்டையின் அடித்தையல் பிரிந்த மாதிரி: மேலே தார் அப்படியே இருக்கும், அடியில் பொந்து விழும்.

சோதிக்க, முதலில் தூர் வாரி, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, பிறகு சக்கரம் வைத்த கேமராவை உள்ளே ஓட்ட வேண்டும். கழுவாமல் ஓட்டினால் விரிசல் சேற்றுக்குள் மறைந்துவிடும், செலவு வீண். கழுவிய பிறகும் ஓர் இணைப்படியில் புது மணல் குவிந்தால் அதுதான் அவசரம். விரிசலுக்கு, குழாயின் உட்புறத்தில் புது உறை பொருத்தினால் போதும். நசுங்கிய குழாயைத் தோண்டித்தான் மாற்ற வேண்டும்.

சென்னையில் பலர் ஒன்றென்று நினைத்தாலும், மழைநீர் வடிகாலும் பாதாளச் சாக்கடையும் வேறு வேறு. கழிவுநீரை மழைநீர்க் குழாயில் விட்டால் அதிலிருந்து எழும் வாயு அமிலமாகிக் கான்கிரீட்டையே அரிக்கும்.