மூட்டுவலி உள்ளவர் நடைக்குழுவை நடத்தலாமா?

அன்புள்ள சார்,

வணக்கம். எனக்கு 67 வயது, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்துப் பூங்காவில் காலையில் பதினைந்து பேர் வரை சேர்ந்து நடக்கிறோம், எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். நேரம் சொல்வது, ஆள் சேர்ப்பது எல்லாம் எப்படியோ என் தலையில் வந்து விழுந்துவிட்டது. இப்போது சிலர், ஒரு ஃபிட்னஸ் ட்ரெயினரை வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். எனக்கு மூட்டுவலி, வேகமாக நடக்க முடியாது. மருத்துவமும் தெரியாது. இன்னொரு கவலை, வேகமாக நடப்பவர்கள் முன்னால் போய்விடுவதால் பின்தங்கும் நாலைந்து பேர் வருவதையே குறைத்துக்கொண்டார்கள். நான் விலகிக்கொள்வதுதான் சரியா?

வாசகி, கோவை

அன்புள்ள அம்மா,

விலகாதீர்கள். பின்தங்குபவர்கள் வரவில்லை என்று கவனித்து, அதற்காகக் கவலைப்பட்டுக் கடிதம் எழுதியிருப்பவர் நீங்கள். குழுவை நடத்த முதலில் வேண்டியது அந்தக் கவலைதான்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் பகுதியில் சானிங் காமன் என்றொரு கிராமம். அங்கே வில்லியம் பேர்ட் என்ற மருத்துவர் 1990களின் நடுவில் தன் நோயாளிகளுக்காக நடைக்குழுக்களைத் தொடங்கினார். கூட்டிக்கொண்டு போனவர்கள் மருத்துவர்கள் அல்ல, சிறிய பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். பின்னால் அது ‘வாக்கிங் ஃபார் ஹெல்த்’ என்ற பெயரில் நாடு முழுக்கப் பரவியது. அந்த நடைகளில் ஒருவர் முன்னால் போவார். இன்னொருவர் எல்லாருக்கும் கடைசியில் வருவார், யாரையும் தாண்டிப் போகமாட்டார். எனக்கு அந்தக் கடைசி ஆளின் பொறுப்புதான் பெரிதாகப் படுகிறது. முன்னால் போக ஆள் சுலபமாகக் கிடைக்கும். கடைசியில் நீங்கள் நடங்கள். விழுந்துவிடுவோமோ என்று பயப்படும் ஒருவருக்கு, தன்னைப் போலவே மூட்டுவலியோடு பக்கத்தில் நடக்கும் ஒருவர் தரும் தைரியத்தை இருபத்தைந்து வயது ட்ரெயினரால் தர முடியாது.

வேகப் பிரச்சினைக்கு ஒரு வழி உண்டு. நீங்கள் நடப்பது பூங்காவில் என்பதால் சுற்றுக் கணக்கை விட்டுவிட்டு நேரக் கணக்குக்கு மாறுங்கள். எல்லாரும் ஒன்றாகத் தொடங்கி முப்பது நிமிடத்தில் ஒரே பெஞ்சுக்கு வந்துவிட வேண்டும். ஒருவர் ஐந்து சுற்று போயிருப்பார், இன்னொருவர் மூன்று. யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், கடைசி ஆள் என்ற கூச்சமும் இருக்காது. அவரவர் வேகத்துக்கு அளவு, நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது.

மருத்துவம் தெரியாது என்கிறீர்கள். ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகத்தின் சாரா ஹான்சன், ஆண்டி ஜோன்ஸ் இருவரும் நடைக்குழுக்கள் பற்றிய 42 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியிட்டார்கள். ரத்த அழுத்தம், உடல் கொழுப்பு, மனச்சோர்வு குறைந்திருந்தன. பெரிய பாதிப்பு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். யாருக்குச் சர்க்கரை, யார் இன்சுலின் போடுகிறார், யாருக்கு இதயத்தில் சிகிச்சை நடந்திருக்கிறது என்று கேட்டு, வீட்டு எண்ணோடு எழுதி வையுங்கள். இதய நோயாளி தன் மருத்துவரைக் கேட்டுவிட்டு வரட்டும். இன்சுலின் போடுபவர் வெறும் வயிற்றில் நடக்கத் தொடங்கக் கூடாது. கையில் கொஞ்சம் குளுக்கோஸ் இருக்கட்டும். நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் வந்தால் உடனே உட்காரவைத்துக் கொடுங்கள். நெஞ்சுவலி என்றால் அப்படியே நிறுத்திவிட்டு 108க்குப் போன் செய்யுங்கள். அப்புறம், குழுவில் யாராவது மாத்திரையை நிறுத்தச் சொல்லியோ மூலிகைச் சாறு குடிக்கச் சொல்லியோ பேச ஆரம்பித்தால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துவதும் உங்கள் வேலை. ஆசிரியையாக இருந்தவருக்கு அது கஷ்டமாக இருக்காது.

ட்ரெயினருக்கும் இடம் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலில், 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சியோடு, தசை வலுவுக்கும் தடுமாறாமல் நிற்பதற்குமான பயிற்சிகளும் சொல்லப்பட்டிருக்கின்றன. விழாமல் இருக்க வெறும் நடை போதாது. மாதம் ஒருமுறை ஒரு பிசியோதெரபிஸ்ட்டை வரவழைத்து, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு செய்யக்கூடிய பயிற்சிகளைக் கற்றுக்கொள்ளலாம். அவர் சொல்லிக்கொடுக்க வருபவர், குழு உங்களுடையதாகவே இருக்கட்டும்.

நம் ஊரில் நடைக்குழுக்கள் கலைவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் உடல்நிலை அல்ல. மகளுக்குப் பிரசவம், பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று நடத்துபவர் ஆறு மாதம் பெங்களூருக்கோ அமெரிக்காவுக்கோ போய்விடுவார். திரும்பி வரும்போது குழுவே இருக்காது. நாளைக்கு உங்களுக்கும் அந்த அழைப்பு வரும், போகத்தான் வேண்டும். அதனால் இப்போதே இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். திங்கள், செவ்வாய் நீங்கள், புதன், வியாழன் ஒருவர், வெள்ளி, சனி இன்னொருவர். அதில் ஒருவராவது இப்போது வருவதைக் குறைத்துக்கொண்டவர்களில் இருந்து வரட்டும். பொறுப்பு கொடுத்தால் வந்துவிடுவார் என்று நம்புகிறேன்.

அந்த நாலைந்து பேருக்கும் இன்றைக்கே போன் செய்யுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம். நாளையிலிருந்து நேரக் கணக்கு, நான் கடைசியில் உங்களோடு நடக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்.