வீட்டு ரவுட்டரின் உள் முகவரிகள்: கேள்வி பதில்

என் ரவுட்டரின் முகவரி 192.168.1.1. நண்பர் வீட்டிலும் அதே எண். இது எப்படிச் சாத்தியம்?

எல்லாத் தெருக்களிலும் 5ஆம் எண் வீடு இருப்பதைப் போலத்தான். 192.168 என்று தொடங்குபவை, 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை உள்ளவை ஆகிய மூன்று தொகுதிகளும் 1996ஆம் ஆண்டின் இணைய நெறிமுறை ஆவணத்தில் தனியார் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டவை. வீட்டு வாசலைத் தாண்டினால் இவை செல்லாது. வெளியே போகும் தகவலில் உங்கள் உள் எண்ணை எடுத்துவிட்டு வெளிப்புற முகவரியை இட்டு அனுப்புவது ரவுட்டரின் வேலை.

பிரிண்டர் அடிக்கடி காணாமல் போகிறது. அதிலேயே 192.168.1.120 என்று நிலையாக எழுதிவிடலாமா?

வேண்டாம். ரவுட்டரில் இயங்கும் டிஹெச்சிபி, ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண்ணைக் குத்தகைக்கு விடுகிறது. பிரிண்டர் சில நாள் அணைந்து கிடந்தால் குத்தகை முடிந்து அதன் எண் வேறு கருவிக்குப் போய்விடலாம். கணினியோ பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருக்கும். நீங்கள் பிரிண்டரில் கையால் எழுதினால் அந்தச் செய்தி ரவுட்டருக்குத் தெரியாது. பிரிண்டர் அணைந்திருக்கும் நேரத்தில் அதே எண்ணை அது ஒரு கைபேசிக்குக் கொடுத்துவிடலாம், பிறகு இரண்டும் மோதிக்கொள்ளும். எண் கொடுப்பவரிடமே கணக்கும் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். எனவே ரவுட்டரில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற பகுதியைத் திறந்து, பிரிண்டரின் மேக் எண்ணையும் (கருவியின் அடையாள எண்) நீங்கள் விரும்பும் ஐபியையும் (192.168.1.120 போன்ற முகவரி) சேர்த்துப் பதியுங்கள்.

கைபேசிக்கு அப்படிப் பதிந்தேன், நிற்கவில்லையே?

இன்றைய கைபேசிகள் தனியுரிமைக்காகப் போலி மேக் எண்ணைக் காட்டுகின்றன. உங்கள் வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த வசதியை நிறுத்திவிட்டு மறுபடி பதியுங்கள்.

பழைய ரவுட்டரை மாடியில் இணைத்தேன். அன்றிலிருந்து சில கருவிகளுக்கு இணையம் வருகிறது, சிலவற்றுக்கு இல்லை.

ஒரே வீட்டில் இருவர் எண் கொடுக்கிறார்கள். எவர் முதலில் பதில் சொல்கிறாரோ அவர் சொல்வதைக் கருவி நம்பிவிடும். மாடி ரவுட்டரிடம் எண் வாங்கிய கருவி, இணையத்துக்கான வழியும் அதுதான் என்று நினைத்து அங்கேயே முட்டி நிற்கிறது. எத்தனையோ பேர் இதற்காகப் புது ரவுட்டரே வாங்கிவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது, ஏனென்றால் தீர்வுக்குச் செலவே இல்லை.

மாடி ரவுட்டரை மட்டும் ஒரு கணினியோடு கேபிளில் இணையுங்கள். முதலில் அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றிச் சேமியுங்கள். புதிய முகவரியில் மீண்டும் நுழைந்து டிஹெச்சிபியை நிறுத்துங்கள். பிறகு கீழிருந்து வரும் கேபிளை அதன் வேன் துளையில் (வெளி இணைய இணைப்புக்கானது) அல்லாமல் லேன் துளையில் (வீட்டுக் கருவிகளுக்கானது) செருகுங்கள். கீழ் ரவுட்டர் எண் கொடுக்கும் வரம்பு 100 முதல் 200 வரை என்று வைத்துக்கொண்டால், 2 அதற்கு வெளியே பத்திரமாக இருக்கும்.

கணினியில் 169.254 என்று தொடங்கும் எண் தெரிகிறது.

எண் கேட்டும் யாரும் கொடுக்காததால் கணினி தானே வைத்துக்கொண்டது அது. கேபிளையும் டிஹெச்சிபியையும் பாருங்கள்.

வீட்டிலிருந்து விபிஎன் (இணையம் வழியே அலுவலக வலையமைப்பில் சேரும் பாதுகாப்பான இணைப்பு) வழியாக அலுவலகக் கோப்புகளைத் திறக்க முடியவில்லை.

அலுவலகமும் 192.168.1 தொகுதியையே பயன்படுத்துகிறதா என்று கேளுங்கள். அப்படியானால் அலுவலகச் சர்வரை உங்கள் மடிக்கணினி வீட்டுக்குள்ளேயே தேடும். ரவுட்டரின் லேன் முகவரியை 192.168.73.1 போன்று அரிதான எண்ணுக்கு மாற்றுங்கள். சேமித்ததும் பக்கம் உறைந்து நிற்கும். பயப்பட வேண்டாம், பழைய முகவரியில் இப்போது யாரும் இல்லை, அவ்வளவுதான். வைஃபையை அணைத்துப் போட்டு, புதிய முகவரியைத் தட்டச்சு செய்யுங்கள். டிஹெச்சிபி வரம்பும், முன்பு பதிந்த ஒதுக்கீடுகளும் புதிய தொகுதிக்கு மாறியிருக்கின்றனவா என்று அவசியம் பாருங்கள்.

மாற்றிய எண்ணை மறந்துவிட்டேன். ரீசெட் செய்யட்டுமா?

அவசரப்படாதீர்கள். கைபேசியின் வைஃபை விவரங்களில் கேட்வே என்ற இடத்தில் அந்த எண் இருக்கும். ரீசெட் செய்தால் இணைய நிறுவனம் தந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சேர்ந்தே அழிந்துவிடும். அவற்றை எழுதி வைக்காமல் அந்தப் பொத்தானைத் தொடவே தொடாதீர்கள்.