மூணு மணிக்கு எழுந்திருப்பாளா?

அம்மா, போன வாரம் மகளோடு வந்தபோது, “பி.காம். சேர்க்கலாம்னு இருந்தோம் சார், இவள் கல்யாண ஃபோட்டோ எடுக்கப்போறேன்கிறாள்” என்று சொல்லிக் கண் கலங்கினீர்கள். அவளிடம் நான் கேட்டது ஒரே கேள்வி: “மூணு மணிக்கு எழுந்திருப்பியா?” நீங்கள் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டீர்கள். நான் விளையாட்டாகக் கேட்கவில்லை.

நீங்கள் தண்ணீர் குடிக்க வெளியே போன நேரத்தில் அவள், சித்தி மகள் கல்யாணத்தில் எடுத்த படங்களைத் தன் போனில் காட்டினாள். மேடைப் படம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் மணமகள் அறை. ஜடையில் பூ வைத்துத் தைக்கும் கை, ஹேர்பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்கும் அத்தை, ஜிமிக்கி மாட்டும்போது கண்ணை இறுக்கி மூடிய பெண். அதைப் பார்த்த பிறகுதான் இவள் ஆசையைச் சும்மா ஆசை என்று தள்ளிவிடக் கூடாது என்று தோன்றியது.

என் அக்கா கல்யாண ஆல்பத்தில் அந்த அறை இல்லவே இல்லை. ஃபோட்டோகிராபர் ஆண், கதவுக்கு வெளியே நின்றார். அக்கா நேராக மேடையில்தான் தோன்றுகிறாள், யாரோ கொண்டுவந்து வைத்த மாதிரி. இன்றைக்கு அந்த அறையையும் எடுத்துத்தரச் சொல்கிறார்கள். உள்ளே கூச்சமில்லாமல் நிற்கப் பெண் ஃபோட்டோகிராபர் வேண்டும் என்றும் பல வீடுகளில் கேட்கிறார்கள். உங்கள் மகளுக்குத் திறந்திருக்கும் வாசல் அதுதான்.

ஆனால் வேலை சுலபமில்லை. முகூர்த்தம் ஆறு முதல் ஏழரை என்றால் மேக்கப் மூன்று மணிக்கே தொடங்கிவிடும். “ஜன்னல் வெளிச்சத்தில் மணமகளை உட்கார வையுங்கள்” என்று யூடியூபில் வெளிநாட்டுக்காரர்கள் சொல்லித்தருவார்கள். நம் ஊரில் நாலு மணிக்கு ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. உள்ளே ஒரு டியூப்லைட், மேக்கப் அக்காவின் ரிங் லைட், சுவரில் ரோஸ் நிற பெயிண்ட். ஒவ்வொரு விளக்கும் ஒவ்வொரு நிறத்தைக் கொட்டும்; முகம் ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் மஞ்சள். எந்த விளக்கை அணைக்கலாம், எதைக் கெஞ்சிக் கேட்டுத் திருப்பி வைக்கலாம் என்று தெரிய வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 வினாடியில் வைத்தால் டியூப்லைட் வெளிச்சத்தில் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுவது குறையும். இதெல்லாம் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம்.

கற்றுக்கொள்ள நாளாவது வேறு. கூரைப்புடவையை மேடையில் வாங்கிக்கொண்டு பெண் மறுபடி அறைக்கு ஓடிவருவாள் பாருங்கள், அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம். வெளியே ஐயர் “பொண்ணை அழைச்சிண்டு வாங்கோ” என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். உள்ளே பின் கிடைக்காது, ஒட்டியாணம் மாட்டாது, பெண்ணின் அம்மா யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார். புடவை மாற்றும்போது கேமராவைக் கீழே இறக்கித் திரும்பி நிற்க வேண்டும். கடைசி மடிப்பைச் செருகியதும் சட்டென்று எடுக்க வேண்டும். நகைத்தட்டு, மாலை, தொங்கும் புடவை, இதையெல்லாம் மேக்கப் நடக்கும்போதே எடுத்து முடித்திருக்க வேண்டும். அவசரத்தில் யாருக்கும் இடைஞ்சலாக இல்லாமல், அழுகிற பெண்ணுக்கு ஒரு டிஷ்யூவும் நீட்டத் தெரிந்தவள்தான் இங்கே தேறுவாள்.

அதனால் இப்போதைக்கு லட்ச ரூபாய் கேமரா வேண்டாம். கடன் வாங்கி நிச்சயம் வேண்டாம். ஆவணியில் தொடங்கித் தை வரை உங்கள் ஊரில் நல்ல பெயருள்ள ஒரு குழுவில் அசிஸ்டென்டாகப் போகட்டும். பை தூக்கட்டும், லைட் பிடிக்கட்டும், மெமரி கார்டை இரண்டு ஹார்ட் டிஸ்கில் காப்பி போடட்டும். தை முடிந்தும் ஆசை இருந்தால் பழைய கேமராவும் மங்கின வெளிச்சத்திலும் எடுக்க உதவும் ஒரு 50 எம்எம் 1.8 லென்ஸும் போதும்.

இரவு நேரம்தான் உங்கள் பயம். நியாயமான பயம். முதல் நாள் ரிசப்ஷனுக்கே போய் மண்டபத்தில் பெண் வீட்டாரோடு தங்கிவிடுவது வழக்கம்தான். குழுவில் இன்னொரு பெண் இருக்கிறாளா, திரும்பிவர வண்டி யார் பொறுப்பு என்று குழுத் தலைவரிடம் நீங்களே கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்படுகிறவரிடம் அனுப்பாதீர்கள்.

படிப்பா? பி.காம். சேரட்டும், ஒன்றும் கெட்டுப்போகாது. ஆடி, புரட்டாசி, மார்கழியில் இந்து முகூர்த்தம் அநேகமாக இருக்காது. தவக்காலத்தில் சர்ச் கல்யாணமும் குறைவு. ஐந்தாறு மாத வருமானத்தைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரிக்கத் தெரியாமல்தான் பலர் இந்தத் தொழிலை விட்டுப் போகிறார்கள். அங்கே பி.காம். கைகொடுக்கும். விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன் படிப்பு) என்றால் அதுவும் சரி. சென்னை தரமணியில் அரசுத் திரைப்படக் கல்லூரியின் ஒளிப்பதிவுப் படிப்பு சினிமாவை மனதில் வைத்தது. இவள் கேட்பது அது இல்லை.

இன்னொன்று, இதை அவளிடமே சொல்லுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் முதல் உரிமை எடுக்கச் சொன்னவருக்குத்தான், எடுத்தவருக்கு இல்லை. மணமகள் அறைப் படம் ஒன்றை இன்ஸ்டாகிராமில் போட வேண்டுமானாலும் அந்தப் பெண்ணிடம் எழுதி வாங்க வேண்டும். அட்வான்ஸ் வாங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. கல்யாணம் முடிந்து கேட்டால் மாமியார் வீட்டுப் பஞ்சாயத்தாகிவிடும்.

வரும் முகூர்த்தத்தில் உங்கள் சொந்தத்தில் ஏதாவது கல்யாணம் இருக்கிறதா? இருந்தால் மூணு மணிக்கு அலாரம் வைத்து அவளே எழுகிறாளா என்று பாருங்கள், நீங்கள் எழுப்பாதீர்கள். எடுத்ததில் பத்தே படத்தைப் பிரிண்ட் போட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். எடுத்த முந்நூறு படத்தில் எந்தப் பத்தை எடுத்து வருகிறாள் என்று எனக்குப் பார்க்க வேண்டும்.