கணவாயைக் கணக்குப் போட்டுப் பிடிப்பது: கரிம வினைகள் பற்றிச் சில கேள்விகள்

கரிம வினைகளின் வழிமுறையைக் கம்ப்யூட்டரில் கணக்கிடுவதுதான் என் வேலை. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

முதுகலை மாணவி, திருச்சி: வினை முடிந்து விளைபொருளே கையில் வந்துவிட்டது. அதற்கப்புறம் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு என்ன ஆகப்போகிறது?

விளைபொருள் எங்கே வந்து சேர்ந்தது என்று காட்டும், எந்த வழியாக வந்தது என்று காட்டாது. கோவையிலிருந்து கேரளாவுக்குப் போகிறவர் நீலகிரி உச்சியில் ஏறி இறங்குவதில்லை, பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் போகிறார். மூலக்கூறும் அப்படித்தான், இருப்பதிலேயே தாழ்வான கணவாயைத் தேடும். அந்தக் கணவாயின் உச்சிக்கு டிரான்சிஷன் ஸ்டேட் என்று பெயர். ஒரு நொடியைப் பத்து லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு துண்டு நேரம், அதுதான் அதன் ஆயுள். சாதாரண வினை ஒன்றில் அதைப் பிரித்தெடுத்துக் குடுவையில் வைக்க முடியாது. அதன் வடிவத்தைக் கண்ணில் காட்டுவது கணக்குதான்.

மருந்துக் கம்பெனி ஊழியர், ஹைதராபாத்: கிளர்வு ஆற்றல் 20, 25 என்று ஆய்வுக் கட்டுரையில் போடுகிறார்கள். ஆய்வகத்தில் நிற்கிறவனுக்கு அந்த எண்ணால் என்ன பயன்?

இதை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள். கிளர்வு ஆற்றல் என்பது கணவாயின் உயரம், நாங்கள் தடை என்போம். அறை வெப்பநிலையில் தடை ஒரு மோலுக்கு 20 கிலோகலோரி என்றால் பாதி வினை முடிய ஒரு நிமிடம். 25 என்றால் மூன்று நாள் போல. 30 என்றால் சுமார் 35 வருடம், நீங்கள் ஓய்வு பெற்றுவிடுவீர்கள். 1.4 கிலோகலோரி கூடினால் வேகம் பத்தில் ஒரு பங்காகிறது, அவ்வளவுதான் சூத்திரம்.

இதில்தான் சிக்கலும். கணக்கில் 3 கிலோகலோரி பிசகினால் எங்கள் ஆட்கள் “பரவாயில்லை, நல்ல எண்தான்” என்பார்கள். உங்கள் குடுவையில் அது நூற்றைம்பது மடங்கு வித்தியாசம். அதனால் வேகத்தைச் சொல்லும் கணக்கைவிட, இரண்டு விளைபொருளில் எது அதிகம் வரும் என்று சொல்லும் கணக்கைத்தான் நான் அதிகம் நம்புவேன். இரண்டு கணவாயும் ஒரே மாதிரி இருப்பதால் இரண்டிலும் ஒரே பிழைதான் விழும், கழித்தால் பெரும்பாலும் போய்விடும்.

கல்லூரி ஆசிரியர், மதுரை: இரண்டு மூலக்கூறுகள் இரு முனையிலும் இணைந்து வளையமாகும் டீல்ஸ்–ஆல்டர் வினையில் இரண்டு பிணைப்பும் ஒரே நேரத்தில் உருவாகின்றன என்று பாடம் நடத்துகிறேன். அதை யார் பார்த்தார்கள் என்று ஒரு பையன் கேட்டுவிட்டான்.

கெட்டிக்காரப் பையன். அவன் கேட்டது பல வருடம் ஓடிய சண்டை.

ஓட்டோ டீல்ஸும் கர்ட் ஆல்டரும் 1928-ல் இந்த வினையை வெளியிட்டார்கள், 1950-ல் நோபல் வாங்கினார்கள். 1965-ல் உட்வர்டும் ஹாஃப்மனும் ஆர்பிட்டால் சமச்சீர் விதிகளைக் கொண்டுவந்தார்கள், அதாவது எலெக்ட்ரான்கள் இருக்கும் ஆர்பிட்டால்களின் சமச்சீரை வைத்து எந்த வினை எப்படி நடக்கலாம் என்று சொல்லும் விதிகள். இரண்டு பிணைப்பும் ஒருசேர உருவாக அந்த விதி அனுமதி தருகிறது. ஆனால் அனுமதி இருப்பதாலேயே அப்படித்தான் நடக்கிறது என்று ஆகிவிடாது. மைக்கேல் டூவர் தன் கணக்குகளை வைத்து, ஒரு பக்கம் முதலில், மறுபக்கம் பிறகு என்று வாதாடினார். உட்வர்டிடம் முனைவர் பட்டம் வாங்கிய கென்டல் ஹௌக் இன்னும் துல்லியமான முறைகளில் கணக்கிட்டு, இரண்டும் சேர்ந்தே என்றார். பியூட்டாடையீனும் எத்திலீனும் சேரும் கணவாய் உச்சியில் இரண்டு புதுப் பிணைப்பும் சரிசமமாக 2.2–2.3 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) நீளம் என்று வந்தது. முடிந்த பிணைப்பின் நீளம் 1.54தான், அதாவது பாதி வழியில் நிற்கிறது.

கணக்குக்கு எதிராகக் கணக்கு என்றால் தீர்ப்பு சொல்வது யார்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை வருகிறது. 1995-ல் டெக்சாஸில் டேனியல் சிங்கிள்டன் ஐசோப்ரீனையும் மலேயிக் அன்ஹைட்ரைடையும் வினைபுரியவிட்டார். ஐசோப்ரீன் முழுவதும் தீர்வதற்குச் சற்று முன் நிறுத்தி, எஞ்சிய துளியை மீட்டெடுத்தார். இயற்கையான கார்பனில் நூற்றுக்கு ஒன்று கார்பன்-13, கொஞ்சம் கனமானது. பிணைப்பு உருவாகும் இடத்தில் கனமான கார்பன் இருந்தால் அந்த மூலக்கூறு ஒரு மயிரிழை மெதுவாக வினைபுரியும், கடைசியில் மிச்சத்தில் தேங்கும். ரேஷன் வரிசையில் யார் பின்தங்கினார்கள் என்று கடை மூடும் நேரத்தில் போய்ப் பார்ப்பது போல. எந்த இடத்து கார்பன் எது என்று காந்தப்புலத்தில் பிரித்துக் காட்டும் என்.எம்.ஆர் கருவியில் பார்த்தால் தேக்கம் இரண்டு முனைக் கார்பன்களிலும் இருந்தது, நடுவில் கிட்டத்தட்ட இல்லை. ஒரு முனைதான் முந்துகிறது என்றால் தேக்கம் ஒரு முனையில் மட்டும்தானே தெரிய வேண்டும்? அடுத்த வருடம் ஹௌக் குழுவும் சிங்கிள்டனும் சேர்ந்து இந்த அளவீட்டைக் கணக்கோடு ஒப்பிட்டார்கள். பொருந்தியது. ஐசோப்ரீன் இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லாததால் ஒரு பிணைப்பு சற்றே முந்துகிறது என்பதும் தெரிந்தது. பையனிடம் இதைச் சொல்லுங்கள், விதியைவிட இது நன்றாகப் புரியும்.

பெயர் வேண்டாம் என்றவர்: அந்த உட்வர்ட்–ஹாஃப்மன் விதிகள் வேதியியலாளர் கோரியுடைய யோசனை என்கிறார்களே?

1964 மே 4 அன்று உட்வர்டிடம் தானே சொன்னதாக ஈ.ஜே. கோரி 2004-ல் எழுதினார். ஹாஃப்மன் பதில் எழுதினார். உட்வர்டோ 1979-லேயே காலமாகிவிட்டார். இதற்கு மேல் என்னிடம் விஷயம் இல்லை.

ஆய்வு மாணவர், சென்னை: நடந்ததற்குக் காரணம் சொல்வது சுலபம். நடப்பதற்கு முன் சொன்னது உண்டா?

உண்டு. 2000-ல் பெஞ்சமின் லிஸ்ட், லெர்னர், பார்பாஸ் மூவரும் புரோலின் என்ற சாதாரண அமினோ அமிலத்தை வினையூக்கியாக வைத்து ஆல்டால் வினையில் இடக்கை, வலக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இரண்டு வடிவங்களில் ஒன்றை மட்டும் அதிகமாக எடுத்தார்கள். ஹௌக் குழு அதன் டிரான்சிஷன் ஸ்டேட்டைக் கணக்கிட்டது. வளையகீட்டோன் ஒன்றை வைத்துச் செய்தால் எந்த வடிவம் எவ்வளவு வரும் என்று முதலில் கணித்தார்கள், பிறகுதான் வினையைச் செய்து பார்த்தார்கள். 2003-ல் வந்த அந்தக் கட்டுரையில் இரண்டும் நன்றாகவே ஒத்துப்போயின. இந்த மாதிரிக் கரிம வினையூக்கத்துக்காக 2021-ல் லிஸ்டுக்கும் மேக்மில்லனுக்கும் நோபல் வந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அதே மாணவர்: சறுக்கியது?

ஏராளம். மோரிட்டா–பேலிஸ்–ஹில்மன் என்ற கார்பன்–கார்பன் பிணைப்பு உருவாக்கும் வினையில் ஆல்கஹால் மூலக்கூறு புரோட்டானைக் கைமாற்றி விடுகிறது என்று கணக்குகள் அழகாகக் காட்டின. 2015-ல் பிளாட்டாவும் சிங்கிள்டனும் ஒவ்வொரு படியையும் பரிசோதனையில் அளந்து பார்த்தால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை, சாதாரண அமில–காரப் பரிமாற்றம்தான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வினைக்குத் தடை 31 என்று கணக்கிட்டேன், அதாவது இருநூறு வருடம். பக்கத்து ஆய்வகப் பெண் வந்து, “சார், ராத்திரி வச்சேன், காலையில முடிஞ்சிருச்சு” என்றார். ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் அவருடைய கரைப்பானில் ஈரம். நான் தண்ணீரை வரையவே இல்லை. ஒரே ஒரு தண்ணீர் மூலக்கூறைச் சேர்த்ததும் 23க்கு இறங்கியது. நல்ல கணக்கு என்று அப்போதும் நம்பவில்லை. அவர் கரைப்பானை உலர்த்திச் செய்து பார்த்து, வினை படுத்துவிட்டது என்று சொன்ன பிறகுதான் எழுதினேன். வரையாத மூலக்கூறைப் பற்றிக் கம்ப்யூட்டர் எதுவும் சொல்லாது.

இளங்கலை மாணவர், யாழ்ப்பாணம்: லேப்டாப்பில் முடியுமா?

தாராளமாக. இந்தக் கணக்குக்கான மென்பொருள்களில் கல்வி நிறுவனத்தில் இருப்பவர்களுக்கு ஓர்கா இலவசம், சை4 எல்லோருக்கும் இலவசம். பியூட்டாடையீன், எத்திலீன் இரண்டும் சேர்த்துப் பதினாறு அணுதான். பியூட்டாடையீனை வளைந்த வடிவத்தில் வையுங்கள். அது இயல்பாக விரும்பும் நீட்டிய வடிவத்தில் வைத்தால் முனைகள் எட்டாது. புதுப் பிணைப்பு வரும் இரண்டு இடைவெளியையும் 2.2 ஆங்ஸ்ட்ராமுக்கு வைத்து டிரான்சிஷன் ஸ்டேட் தேடச் சொல்லுங்கள், அப்புறம் அதிர்வெண் கணக்கு. பரிசோதனையில் தடை சுமார் 27.5 கிலோகலோரி, பி3லிப் என்ற பிரபலமான கணக்கு முறையைப் போட்டால் கொஞ்சம் குறைவாக வரும், பயப்பட வேண்டாம். கணவாய் உச்சியில் நிற்கிறோம் என்பதற்கு அடையாளமான கற்பனை அதிர்வெண் (வர்க்கமூலத்துக்குள் எதிர்க்குறி வருவது) ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், 500 செ.மீ⁻¹-ஐ ஒட்டி. அதை அசைத்துப் பாருங்கள். இரண்டு முனையும் ஒருசேர உள்ளே வந்தால் சரி. ஏதாவது ஒரு முனை மட்டும் தனியாகச் சுழன்றுகொண்டிருந்தால் நீங்கள் பிடித்தது வேறு கணவாய், மறுபடி 2.2-லிருந்து தொடங்குங்கள்.